ஐந்து கிழமையும் பூஜ்யம்

ஐந்து சனி ஞாயிறுகள் நான் வீட்டுக்குப் போய் வந்தேன். ஐந்து முறையும் அப்பா விடுப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். ‘எத்தனை தடவை’ என்ற கட்டத்தில் ஐந்திலும் பூஜ்யம். ‘சிரமங்கள் ஏதும் இருந்தனவா’ என்ற கட்டத்தில் ஐந்திலும் ‘இல்லை’. அப்படியிருந்தும் என்னை மூன்றாம் படியிலேயே வைத்திருந்தார்கள். என்னைவிட மோசமான எண்களோடு வந்தவர்கள் நான்காம் படிக்கு ஏறிப் போனார்கள்.

ஏனென்று எனக்கு விளங்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. பழுதான மிக்ஸியைக் கழற்றித் திருப்பிப் பூட்டத் தெரியும். மூன்று பேஸ் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று படம் கீறிக் காட்டத் தெரியும். பூஜ்யம் ஏன் போதாது என்பது மட்டும் பிடிபடவில்லை.

அந்த இடம் எப்படி வேலை செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்த ஒரு ஆஸ்பத்திரி; அதில் சிறுவர்களுக்கும் இளையோருக்குமான மனநலப் பிரிவு. எல்லோரும் அதை ஸ்டேஷன் என்றே சொல்வார்கள். ஜன்னல்களுக்குக் கைபிடி கிடையாது. கைபிடி தாதியரின் சட்டைப்பையில் இருக்கும். காற்று வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அவர்கள் கைபிடியைச் செருகி, திருப்பி, ஐந்து நிமிடம் காற்று விட்டு, மறுபடி பூட்டி, கைபிடியைக் கொண்டு போய்விடுவார்கள். கைத்தொலைபேசிகள் ஒரு அலமாரியில். வீட்டோடு கதைக்க நடைபாதைத் தொலைபேசியில் ஆளுக்குப் பத்து நிமிடம். முட்டை வடிவத்தில் ஒரு சமையல் மணி பக்கத்தில் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் அது கிணுகிணுக்கும். என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும் அத்தோடு சரி.

மேலே ஏற நான்கு படிகள். முதலாம் படியில் நடைபாதை மட்டும். இரண்டாம் படியில் தோட்டம். மூன்றாம் படியில் சனி காலை பத்திலிருந்து ஞாயிறு மாலை ஆறுவரை வீடு. நான்காம் படியில் வீடு திரும்பும் திகதி குறிப்பார்கள். நல்ல ஒழுங்கான அமைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரு படிவம், ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பூட்டும் திறப்பும்.

பிரூக்மன் என்று ஒரு ஆண் தாதி. அவர் நாளுக்கு மூன்று தடவை எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பார்த்து, குசினி அடுப்பின் குமிழ்களைத் தொட்டுப் பார்த்து, சுவரில் தொங்கும் பட்டியலில் கையெழுத்துப் போடுவார். இதே வேலையை நான் வீட்டில் செய்தபோது அதற்கு நோய் என்று பெயர் வைத்தார்கள். அவர் செய்யும்போது அது கடமை.

என் நோய் அடுப்பு. இரும்புத் தட்டுகள் பதித்த, நான்கு குமிழ் உள்ள சாதாரண மின்சார அடுப்பு. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் ஒரு சின்ன ‘டக்’ கேட்கும். கை அதை உணரும், காது கேட்கும், கண் சிவப்பு லைட் அணைவதைப் பார்க்கும். மூன்று சாட்சிகள். ஆனால் என் தலைக்குள் இருந்த நீதிபதி மூன்று சாட்சிகளையும் கேட்டுவிட்டு வழக்கை ஒத்திவைப்பார். நான் திரும்பிப் போய் மறுபடி பார்ப்பேன். ஸ்டேஷனில் எனக்குப் பொறுப்பான டாக்டர் ஹெல்விக் பின்னால் இதை எனக்கு விளக்கினார்: திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, பார்த்த ஞாபகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்கிப்போகின்றன, அதனால் பார்க்கப் பார்க்க உறுதி கூடாது, குறையும். மிக அழகான பொறிமுறை. எனக்குள் நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் ரசித்திருப்பேன்.

அந்த வருடம், 2006 மே மாதத்தில், வீட்டைவிட்டு வெளிக்கிட எனக்கு இரண்டு மணித்தியாலம் ஆனது. பள்ளிக்கூடம் எட்டு மணிக்கு. நான் பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எப்படியோ பத்தாம் வகுப்பு முடித்தேன். செப்டம்பர் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, லிஃப்ட் செய்யும் ஒரு கம்பனியில் எனக்கு ஆஸ்பில்டுங் தொடங்குகிறது. இயந்திரமும் மின்சாரமும் சேர்ந்த மெக்கட்ரோனிக்ஸ், மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி. இருபத்தெட்டுப் பேர் கேட்ட இடம். அன்றைக்கு நான் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதத்தில் மரியாதையாக எழுதியிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்று மட்டும்தான். ஜூன் நடுவில் ஸ்டேஷனுக்குப் போனேன். ஜூலை முதலாம் திகதி முதல் விடுப்பு.

இனி அப்பா. பெயர் நாகமுத்து. பெரிய பேக்கரி ஒன்றில் வேலை. ஆனால் டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களுக்கு அவரைத் தெரிந்தது அன்ட்ராக் எழுதித் தருகிறவராக. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் யாராவது ஒருவருடைய விண்ணப்பம் விரிந்திருக்கும். அவர் எல்லோருக்கும் சொல்வது ஒரே விஷயம்: பேப்பரில் ஒருக்கால் சொன்னதை மாத்தக்கூடாது. அது அவர் சொந்தச் செலவில் கற்றது. எண்பத்தொன்பதில் அகதி விசாரணையில், சோதனைச் சாவடியைக் காலையில் கடந்ததாகச் சொன்னார். இரண்டாம் விசாரணையில் மத்தியானம் என்றார். நிராகரித்த கடிதத்தில் நான்கு பக்கம் காலைக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசம் பற்றியே இருந்தது. அதைச் சரிக்கட்ட ஆறு வருடம் ஆனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள். சொன்னதையே சொல்லு. கேட்காததைச் சொல்லாதே.

முதல் சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குப் போனேன். குமிழைத் திருப்பினேன். சிவப்பு லைட் எரியவில்லை.

“மெயின்ல விழுத்திப் போட்டன்,” என்றார் அப்பா பின்னாலிருந்து. குரலில் கண்டுபிடிப்பாளரின் பெருமை.

ஜெர்மன் அடுப்பு சாதாரணச் சுவர்ச் செருகியில் ஓடாது. மூன்று பேஸ் அதற்குத் தனியாக வரும். நடைபாதையில் உள்ள பெட்டியில் மூன்று பியூஸ்கள் ஒரே பட்டையால் இணைந்திருக்கும். பட்டையைக் கீழே இழுத்தால் அடுப்பு வெறும் இரும்பு மேசை. அதில் பார்க்க ஒன்றும் இல்லை. யோசனை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது.

“சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“மேல்வீட்டுச் சுந்தரேஸ்வரி அக்கா தருவா.”

“அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“அடுப்பு பழுது எண்டு.”

அம்மா, சிவமலர், கதவு நிலையில் சாய்ந்து நின்றார். “எத்தினை கிழமைக்குப் பழுது எண்டும் சொல்லிவிடுங்கோவன்.”

“பிள்ளை சுகமாகுமட்டும்.”

“அதைத்தான் சொல்லேலாதே. பிள்ளை மூன்ஸ்டரில பிராக்டிகும் செய்யுதெண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறியள்.”

பிராக்டிகும் என்றால் மாணவர்கள் ஒரு தொழிலிடத்தில் செய்யும் சின்னப் பயிற்சி. சாதாரணமாக இரண்டு மூன்று கிழமை. என்னுடையது கோடைகாலம் முழுவதும் ஓடியது. அவ்வளவு ஆர்வமான பிள்ளை நான்.

ஆகவே படிவத்தில் இருந்த பூஜ்யம் பொய்யில்லை. செத்த அடுப்பை யாரும் பார்க்கப் போவதில்லை, நானும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா படிவத்தைப் பேனாவால், அச்செழுத்தில், கோடு தாண்டாமல் நிரப்பினார். இரண்டாம் கிழமை முதல் படிவத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்து எழுதினார். வசனம்கூட மாறாமல் இருக்க வேண்டுமே. ஸ்டேஷனில் பியூஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்டேஷன் குசினியிலும் எனக்குப் பயிற்சி தந்தார்கள்: குமிழைத் திருப்பி அடுப்பை மூட வேண்டும், பார்க்காமல் வெளியே போக வேண்டும். அதை நான் இரண்டாம் கிழமையே சுலபமாகச் செய்தேன். ஸ்டேஷன் எரிந்தால் அது பிரூக்மனின் பிரச்சினை. பட்டியலில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. வீடு எரிந்தால் அது என்னுடையது. அதனால்தான் வீட்டுப் படிவத்தை அவ்வளவு முக்கியமாகப் பார்த்தார்கள்.

ஐந்தாவது படிவத்துக்குப் பிறகு, ஆகஸ்ட் இரண்டாம் திகதி, டாக்டர் ஹெல்விக் அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். மெல்லிய பெண், எப்போதும் காலணிக்குப் பதில் மரச் செருப்பு. மேசையில் ஐந்து படிவங்களையும் வரிசையாகப் பரப்பினார்.

“இவை நகல்களா?”

“இல்லை,” என்றார் அப்பா, கொஞ்சம் புண்பட்டு. “எல்லாம் என் கையால் எழுதியது.”

“மிகவும் நேர்த்தியாக இருக்கிறது.”

அப்பா அம்மா பக்கம் சாய்ந்தார். “எழுத்து நல்லாயிருக்காம்.”

“அவ எழுத்தைச் சொல்லேல்லை,” என்றார் அம்மா.

“ஒரு குடும்பம் ஐந்து கிழமை சிரமமே இல்லாமல் இருந்தது என்று என் தொழிலில் நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை,” என்றார் டாக்டர். “எங்கள் வீட்டில் ஐந்து மணித்தியாலம் தாண்டாது. இவற்றிலிருந்து நான் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. பிரபாலினி மூன்றாம் படியில்தான் இருக்க வேண்டியிருக்கும்.”

செப்டம்பர் முதலாம் திகதியை ஞாபகப்படுத்தினேன். அவர் தலையசைத்தார். தெரியும் என்றார். அதனால்தான் கேட்கிறேன் என்றார். அப்பா “நன்றி, எல்லாம் நன்றாகப் போகிறது,” என்று, ஐந்து படிவத்தின் அடியிலும் எழுதிய அதே வசனத்தை ஆறாவது முறையாகச் சொன்னார்.

பக்கத்துக் கட்டில் யானாவுக்குக் கை கழுவுதல். அவளுடைய விடுப்பு எண்களை அவளே கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள்: நாற்பது, முப்பத்தொன்று, இருபத்திரண்டு. அன்று பின்னேரம் அவளுக்கு நான்காம் படி கிடைத்தது. கேக் வெட்டினார்கள். இருபத்திரண்டு தடவை கை கழுவியவளுக்குக் கேக். பூஜ்யம் தடவை அடுப்புப் பார்த்தவளுக்கு அதில் ஒரு துண்டு. தட்டை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தையே பார்த்தேன். எண் பெரிதா சிறிதா என்பதை இவர்கள் பார்க்கவில்லை, எண் இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னுடையது தரையிலேயே தொடங்கித் தரையிலேயே ஓடியது. தரையிலிருந்து எங்கே இறங்குவது?

முட்டை மணியைத் திருகிவிட்டு, தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன்.

“அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே,” என்றார் அப்பா. அவர் பேனாவைத் தேடும் சத்தம் கேட்டது. “இந்தக் கிழமை பதினஞ்சு எண்டு போடுவம். அடுத்தது பத்து. பிறகு அஞ்சு. கடைசியா ஒண்டு. பூஜ்யம் வேண்டாம், பூஜ்யத்தை அவை நம்பீனமில்லை.”

“முதல் அஞ்சு கிழமை?”

“அது கொஞ்சம் முரண்படும்தான்,” என்றார். “யோசிப்பம்.” மணி கிணுகிணுத்தது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல தீர்வாகவே பட்டது. அடுப்பும் செத்திருக்கும், எண்ணும் இறங்கும், நானும் வெளியே. சனிக்கிழமை காலை ரயிலில் வரும்போது, கால்பந்து உலகக் கோப்பை முடிந்து ஒரு மாதமாகியும் பால்கனிகளில் தொங்கிய வெளிறிய கொடிகளை எண்ணிக்கொண்டு, மிகவும் சந்தோஷமாக வந்தேன்.

பதினொரு மணிக்குப் படியில் பெரிய இரைச்சல். கதவைத் திறந்தால் ஒரு அடுப்பு நின்றது. அதன் ஒரு பக்கத்தில் அப்பாவின் கூட்டாளி அரியரத்தினம் அண்ணை, மறுபக்கத்தில் அவருடைய நண்பர் ஜேசுரட்ணம். இருவருக்கும் மூச்சு வாங்கியது. பின்னால் சுந்தரேஸ்வரி அக்கா, விளையாட்டுப் போட்டிக்கு வெளிக்கிட்ட கோலத்தில், தொப்பியோடு.

“அஞ்சு கிழமையா அடுப்பில்லாமல் ஒரு குடும்பம் இருக்கு, நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறதோ?” என்றார் அரியரத்தினம் அண்ணை. “எங்கட பழைய வீட்டு அடுப்பு. நல்ல சாமான். தள்ளுங்கோ அண்ணை, கை அறுகுது.”

அப்பா தள்ளவில்லை. “அவசரமில்லை,” என்றார். “வைச்சிட்டுப் போங்கோ, நான் பாக்கிறன்.”

“நீங்கள் என்னத்தைப் பாக்கிறது? நீங்கள் பேப்பர் பாக்கிற ஆள். கரண்ட் நான் பாக்கிறன்.” அரியரத்தினம் அண்ணை அரை நாள்கூட மின்வேலை படித்தவர் இல்லை, ஆனால் டோர்ட்மண்டில் பாதித் தமிழ் வீடுகளின் விளக்குகள் அவர் பூட்டியவை. பழைய அடுப்பைக் கழற்றுவதற்கு முன் பியூஸை விழுத்த வேண்டுமே என்று பெட்டியைத் திறந்தார். ஏற்கெனவே விழுந்திருந்தது. பட்டையை மேலே தள்ளினார். குசினியில் போய்க் குமிழைத் திருப்பினார். சிவப்பு லைட் எரிந்தது.

“நாகமுத்து அண்ணை,” என்றார், குசினிக்குள்ளிருந்தே. “உங்கட அடுப்புக்கு ஒண்டும் இல்லை. பியூஸ் விழுந்து கிடந்திருக்கு. அஞ்சு கிழமையா ஒருத்தரும் பெட்டியைத் திறந்து பாக்கேல்லையோ?”

அப்பாவைப் பற்றி ஊரில் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். முட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. அவர் பெட்டிக் கதவைச் சாத்தினார். “ஓம்,” என்றார் கடைசியில். “பாக்கேல்லை.”

மூன்று மாடி தூக்கி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப முடியாது. அம்மா எரியும் அடுப்பில் கேத்தலை வைத்தார். எல்லோரும் குடித்தார்கள். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டி இரண்டு மணிக்கு. அரியரத்தினம் அண்ணையின் வேன் கீழே நடைபாதையில் இரண்டு சில்லை ஏற்றி நின்றது. எல்லோரும் வெளிக்கிட்டார்கள். அம்மா அடுப்பை மூடினார். நான் பார்த்தேன். படிவரை போனேன். திரும்பி வந்து பார்த்தேன்.

நான்காவது தடவையில் சுந்தரேஸ்வரி அக்கா கேட்டார்: “பிள்ளை, சும்மா நிக்கிற அடுப்பை ஏன் முழுசிப் பாக்கிறாய்?”

“அவள் மெக்கானிக் படிக்கப்போறாளெல்லோ,” என்றார் அப்பா. “ஆராயிறாள்.”

இந்த விளக்கம் ஒன்பதாவது தடவைவரை தாங்கியது. பன்னிரண்டாவதில் நான் முழங்காலில் இருந்து குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தேன், கண்ணீர் ஓடியது. என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் இந்த நோயின் சிறப்பு; உள்ளே ஒரு பார்வையாளர் ஆசனமும் தருவார்கள்.

அம்மா கதவடியில் நின்றபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “மூன்ஸ்டரும் இல்லை, பிராக்டிகும் இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில நிக்குது. அடுப்பை மூடினாலும் மூடேல்லை எண்டு பயம். இவர்தான் பியூஸை விழுத்தி வைச்சவர்.”

ஐந்து கிழமையாக நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரம் இதுதான். சனம் அறியப்போகிறது. நான் தரையைப் பார்த்தேன்.

“அப்ப அடுப்பு பழுதில்லை,” என்றார் சுந்தரேஸ்வரி அக்கா மெதுவாக.

“இல்லை,” என்றார் அம்மா.

“நான் அஞ்சு கிழமையா, சனியும் ஞாயிறும், மூண்டு பேருக்குச் சோறும் கறியும் காச்சி, படி இறங்கிக் கொண்டுவந்து தந்தனான்.”

“ஓம் அக்கா.”

“ஒரு நாள் புட்டும் அவிச்சனான்.”

“ஓம்.”

“வருத்தம் எண்டு சொல்லியிருந்தால் வருத்தத்துக்கேத்த மாதிரிச் சமைச்சிருப்பன். பழுதெண்டு சொல்லி என்னை ஏய்ச்சுப் போட்டியள்.” அவருக்கு வந்த கோபம் முழுவதும் புட்டைப் பற்றியது. நோய்க்கு அதில் இடமே கிடைக்கவில்லை. அரியரத்தினம் அண்ணைக்கு வேறு கவலை; மூன்று மாடி ஏற்றிய அடுப்பை மறுபடி மூன்று மாடி இறக்க வேண்டுமா என்று ஜேசுரட்ணத்திடம் கேட்டுக்கொண்டு கீழே போனார்.

கடைசியாக நான் வெளியே போனது நிச்சயம் வந்ததால் அல்ல; கீழே வேன் ஹோர்ன் அடித்ததால். தேசிக்காய் ஓட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். புல்வெளியில் உட்கார்ந்து வீடு எரிவதைக் கற்பனை செய்தேன்: முதலில் திரைச்சீலை, பிறகு அலமாரி, பிறகு மேல்வீட்டு அக்காவின் தரை. திரும்பிப் போக வேன் இல்லை. அரியரத்தினம் அண்ணைதான் கயிறிழுத்தல் நடுவர். ஆகவே இருந்தேன். மூன்றரை மணியளவில் ஒரு விசித்திரம் நடந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை, யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை, ஆனாலும் பயம் தானாக இறங்கத் தொடங்கியது. இரும்புத் தட்டு அப்படித்தான். குமிழை மூடிய பிறகும் கொதிக்கும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, தொடாமல் விட்டால் தன் நேரத்துக்கு ஆறும். டாக்டர் ஹெல்விக் இதை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செத்த அடுப்போடு அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஞாயிறு மத்தியானம் அப்பா படிவத்தை மேசையில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். “பதினஞ்சு,” என்றார்.

“எத்தினை எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“இருவத்திமூண்டு,” என்றார் அம்மா, வெங்காயம் வெட்டிக்கொண்டே. “நான் எண்ணினனான்.”

“இருவத்திமூண்டு எண்டு எழுதினால் விடமாட்டாங்கள்,” என்றார் அப்பா. “பதினஞ்சுதான் நல்ல எண். நான் எல்லாம் கணக்குப் போட்டு வைச்சிருக்கிறன்.”

“அப்பா, முதலாம் திகதி என்ன வேலை தருவாங்கள் தெரியுமோ?”

“என்ன?”

“லிஃப்ட்டின்ர மெயின் சுவிட்சை நிப்பாட்டிப் பூட்டிப்போட்டு, கீழ கிடங்குக் குழிக்குள்ள இறங்கச் சொல்லுவாங்கள். நான் இருவத்திமூண்டு தரம் மேல ஏறி வந்து பாத்தால் என்ன செய்வாங்கள்?”

அவர் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தார்.

“அங்க பியூஸை விழுத்த நீங்கள் வரேலாது. எனக்கு வேண்டியது வேலைக்குப் போறது, படிவம் பாஸாகிறதில்லை. உள்ளதை எழுதுங்கோ.”

“அப்ப முதல் அஞ்சும்?” அவர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். “ஒருக்கால் பூஜ்யம், ஒருக்கால் இருவத்திமூண்டு. இதைப் பாத்தால் என்ன நினைப்பினம்? ரெண்டும் முரண்.”

“அதையும் எழுதுங்கோ.”

பதினேழு வருடம் யாருடைய விண்ணப்பத்திலும் சொன்னதை மாற்றாத மனிதர், பக்கத்தில் இருந்த முதல் படிவத்தின் பிரதியைக் கவிழ்த்து வைத்தார். வெங்காயம் வதங்கும் மணம் வந்தது. பிறகு அச்செழுத்தில், கோடு தாண்டாமல் எழுதினார்: ‘23 தடவை. 40 நிமிடம். அழுதாள். நாங்கள் பிந்திப் போனோம். முந்தைய ஐந்து படிவங்களும் சரியல்ல. அடுப்பின் மின்சாரத்தை நான் துண்டித்து வைத்திருந்தேன். இதற்கு நானே பொறுப்பு.’ கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் பிறந்த திகதியையும் எழுதினார்.

திங்கட்கிழமை டாக்டர் ஹெல்விக் அதை வாசித்தார். நான் நோயோடு இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு மகிழ்ச்சியடைந்ததை நான் கண்டதில்லை. “இருபத்திமூன்று,” என்று இரண்டு தடவை சொன்னார், பரிசு விழுந்த சீட்டின் இலக்கத்தைப் போல. “இனித் தொடங்கலாம்.” மரச் செருப்பு டக்டக்கென்று நடைபாதையில் ஓடியது. பிரூக்மனிடமும் போய்ச் சொன்னார் போலும். பின்னேரம் அவர் அடுப்புக் குமிழ்களைத் தொட்டுவிட்டுப் போகும்போது எனக்குப் பெருவிரலைக் காட்டினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் ஒரு தடவைதான் தொடுவார். கையெழுத்துப் போட்ட பிறகு திரும்பி வரவே மாட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது நடைபாதையில் நடக்க இடமில்லை. அரியரத்தினம் அண்ணையின் அடுப்பை அம்மா பியூஸ் பெட்டிக்கு முன்னால் தள்ளி வைத்திருந்தார். அதன்மேல் இருபது கிலோ அரிசி மூட்டை. மின் பாதுகாப்பு விதிப்படி அது பெரும் பிழை. ஆனால் அப்பாவுக்கு இடுப்பு வருத்தம். அவரால் தனியாக அதை அசைக்க ஏலாது. காலையில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய், மூட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“இஞ்சாருங்கோ,” என்றார் அம்மா குசினியிலிருந்து. “அரிசியை ஆராயிறியளோ?”

அந்தக் கிழமை பதினான்கு. அதற்கடுத்த கிழமை எட்டு. நான்காம் படி கிடைத்தது, கேக்கும் வெட்டினார்கள், முதல் துண்டு எனக்கு. ஆகஸ்ட் இருபத்தாறாம் திகதி ஐந்து. ஐந்து பூஜ்யமில்லையே என்று அப்பா கவலைப்பட்டார். டாக்டர் ஹெல்விக் கவலைப்படவில்லை. முப்பதாம் திகதி, புதன்கிழமை, என்னை வீட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குச் சுந்தரேஸ்வரி அக்கா புட்டுப் பொதியோடு இறங்கி வந்தார், இந்த முறை காரணம் தெரிந்தே. இரண்டு தடவை அடுப்பைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு நான் கம்பனி வாசலில் நின்றேன்.

வழி இதுதான். பியூஸ் மேலேயே இருக்கட்டும். அடுப்பில் சமை. மூடு. ஒருமுறை பார். வீட்டைவிட்டு வெளியே போ. பயம் ஆற ஒன்றரை மணித்தியாலம் விடு. திரும்பி வந்து, எத்தனை தடவை பார்த்தாயோ அந்த எண்ணையே எழுது.